மூன்று கொட்டாவி

அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக வண்டி நின்றபோது, தொட்டிக்காரர் போக்குவரத்துக் காவலரிடம் சொன்ன பதில் அவர் வாயிலிருந்து வந்திருக்கவே கூடாத பதில்.

"தானா நின்னுபோச்சு சார். நான் ஒண்ணுமே பண்ணல."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. இதே வார்த்தைகளை, ஒன்றுகூட மாறாமல், பதினாலு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவருடைய மச்சினன் சொன்னான். மனைவியின் கூடப் பிறந்த ஒரே தம்பி. அன்றைக்கு இவர் நம்பவில்லை. நம்பாததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "வண்டி தானா நிக்குமாம். ஏன், அதுக்குக் கால் வலியாமா?" என்று சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தார். அந்தக் கிண்டலுக்கு ஒரு வருஷம் நல்ல மவுசு இருந்தது.

காவலர் சிரிக்கவில்லை. "ஓரமாத் தள்ளுங்க" என்றார். தள்ளுகிற நேரத்தில் தொட்டிக்காரருக்கு வியர்த்தது வெயிலால் மட்டுமல்ல.

தொட்டிக்காரர் என்பது தொழிலால் ஒட்டிக்கொண்ட பெயர். மாடி வீடு, அடுக்குக் கட்டடம், பள்ளிக்கூடம் என்று எங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதோ அங்கே இறங்கிக் கழுவிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. வண்டிக்குள்ளே பெரிய பிரஷர் பம்பு, சுருட்டி வைத்த குழாய், மடக்கு ஏணி, நீளக்கைப் பிரஷ்கள், சேற்றை உறிஞ்சுகிற மோட்டார், எல்லாம் அதனதன் கொக்கியில் தொங்கும். மனிதருக்குச் சுத்தத்தில் ஒரு வெறி. அந்தத் தொழிலில் இருக்கிற மற்றவர்கள் அழுக்குச் சட்டையோடு வீட்டுக்குப் போவார்கள். இவர் கால் நகம் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் வண்டிக்குக் குளியல். அதுவும், தொட்டிச் சுவரில் பத்து வருஷமாகப் படிந்த பாசியைப் பெயர்த்தெடுக்கிற அதே பம்பால். பானெட்டைத் திறந்து, என்ஜின் மேல் ஒரு பொட்டு எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சாமல் அடிப்பார். "தொட்டி கழுவுறவன் வண்டியே அழுக்கா இருந்தா எவன் நம்மள நம்பிக் கூப்பிடுவான்?" என்பார். கேட்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது.

மச்சினன் ஆறு வருஷம் அந்த வண்டியை ஓட்டினான். இவர் தொட்டிக்குள் இறங்குவார், அவன் மேலே நின்று பம்பைப் பார்த்துக்கொள்வான். ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருக்கிற வேலை அது. ஆறு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் தொட்டி வாயை விட்டு நகர்ந்ததில்லை. இதையும் இவர் அன்றைக்கு யோசித்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி. பம்பை ஒரு வேலையிடத்தில் இறக்கி வைத்துவிட்டு அவன் மட்டும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தான். ஓர் இறக்கத்தில், வளைவு வருகிற இடத்தில், வண்டி வளையாமல் நேராகப் போய் மதில் சுவரில் மோதியது. அவனுடைய வலது முழங்கால் உள்ளே நசுங்கியது.

"என்ஜின் தானா நின்னுபோச்சு மாமா. நான் ஒண்ணுமே பண்ணல. பிரேக் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஸ்டியரிங் திரும்பவே மாட்டேன்னுடுச்சு."

வண்டியைச் சரிபண்ணிய பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று தாள் அடித்துக் கொடுத்தார்கள். முதல் நாள் ராத்திரி அவனுடைய பிள்ளைக்குக் காய்ச்சல், விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேறென்ன வேண்டும்? இன்சூரன்ஸ்காரர் வந்தார். பராமரிப்புச் சரியில்லாமல் வண்டி நின்றது என்றால் பணம் எதுவும் பெயராது, ஓட்டியவர் கண்ணசந்தார் என்றால் பார்க்கலாம் என்று ஜாடைமாடையாகச் சொன்னார். தொட்டிக்காரர் அவர் சட்டைப்பையிலிருந்தே பேனாவை வாங்கி எழுதினார். "ஓட்டுநர் அன்று காலையிலிருந்து என் கண் முன்னால் மூன்று முறை கொட்டாவி விட்டார்."

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் என்று தெரிந்து அவர் அதை எழுதவில்லை. கொட்டாவியும் மூன்றுதான், எண்ணித்தான் எழுதினார். ஆதாயமும் நம்பிக்கையும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் மனுஷனுக்கு உத்தமனாவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

அந்தத் தாளில் ஓட்டுநர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அவன் போடமாட்டேன் என்றான். இரண்டு நாள் போடவில்லை. மூன்றாவது நாள் அவனுடைய அக்கா, தொட்டிக்காரரின் மனைவி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தூங்கிட்டேன்னு ஒத்துக்கடா. மனுஷன் தூங்கறது குத்தமா? மாமா உன்னை விட்டுட மாட்டாரு. நீ இப்படி அடம்பிடிச்சா நான் ரெண்டு பக்கமும் கெடந்து சாகணும்." அவன் அக்காவையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சரிக்கா, தூங்கிட்டேன்" என்று கையெழுத்துப் போட்டான்.

அதற்கப்புறம் நடந்தது ஊரில் நடக்கிறதுதான். தூங்கி மோதியவன் என்று லைசென்ஸை ஒரு வருஷம் முடக்கினார்கள். தூங்குகிறவனைத் தொட்டி வாயில் நிற்கவைக்க முடியாது என்று தொட்டிக்காரரும் கையை விரித்துவிட்டார். மாமா விட்டுவிட மாட்டார் என்று சொன்ன அக்கா அன்றைக்கு அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவன் இப்போது ஒரு வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், வெளிவாசலில் உட்கார்ந்து தடுப்புக் கம்பியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறான். நொண்டுகிறவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை.

*

வண்டி மின்சார வேலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரே ஆள்தான், கரன்ட்டக்கா. நாற்பது வயது இருக்கும். நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலிலும் அதை எரியவிட்டிருப்பாள். முதலாளிமாருக்கு ஒரு மரியாதை, கூலிக்காரனுக்கு ஒரு மரியாதை என்று அவளிடம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அதட்டல்.

"எப்ப நிக்குது அண்ணே? கிளம்பும்போதா, ஓடும்போதா?"

"ஓடும்போதும்மா. நல்லா சூடானப்புறம். பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணும் நடக்காத மாதிரி கிளம்பிடுது."

"நடிக்குதுன்னு சொல்லுங்க."

காலையில் பத்து மணிக்கு ஆரம்பித்தாள். பியூஸ் பார்த்தாள், ரிலே மாற்றிப் பார்த்தாள், பாட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டினாள். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தாள். திரையில் கோளாறு ஒன்றும் இல்லை. தொட்டிக்காரருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. பழைய தாளும் இதையேதான் சொன்னது. அப்படியானால் அன்றைக்கு அவர் சொன்னதும் சரிதான்.

நிம்மதிக்கு ஆயுசு ஐந்து நிமிஷம். கரன்ட்டக்கா உள்ளே போய்த் தலைமுடி காயவைக்கிற சூட்டுக்காற்று மெஷினை எடுத்துவந்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டரிக்குப் பின்னால், முன்கண்ணாடிக்குக் கீழே திருகி வைத்திருந்த அலுமினியப் பெட்டி ஒன்றின் மேல் சூட்டுக்காற்றைப் பிடித்தாள். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். இரண்டு பக்கமும் கொத்துக்கொத்தாக வயர்கள். அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நிமிஷம் என்ஜின் ஒரு விக்கல்கூட இல்லாமல் அப்படியே அணைந்தது.

"ஈசிஎம் போச்சு" என்றாள். "என்ஜினுக்கு எப்ப டீசல் விடணும், எவ்வளவு விடணும்னு சொல்லுற பெட்டி இதுதான். இது மயங்கினா வண்டியே மயங்கும்."

"ஆனா கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்டலையேம்மா."

"கோளாறை எழுதி வைக்கிறதும் இந்தப் பெட்டிதானே அண்ணே. தனக்கே கரன்ட் போயிட்டா அது எதை எழுதும்? மயக்கம் போட்டு விழுறவன் விழுற நேரத்தைக் குறிச்சு வச்சுட்டா விழுவான்?"

அவள் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பக்கத்தில் இருந்த நெம்புபிடியைத் தூக்கி, வயர்க்கொத்தை உருவினாள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் உள்ளே வரிசையாக ஊசிகள். பாதி ஊசிகள் பித்தளை நிறம். மீதி பச்சை.

"தண்ணி" என்றாள் கரன்ட்டக்கா. "யாரண்ணே இதைத் தண்ணியடிச்சுக் கழுவினது?"

இத்தனை வருஷமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை முதல் தடவையாக அவர் முணுமுணுத்தார். "சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான்."

"எதால?"

அவர் வண்டிக்குள்ளே கைகாட்டினார். அவள் எட்டிப் பம்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதால சுவத்தையே பேத்துடலாமே அண்ணே. வயர் வாயை அடைச்சிருக்கிற இந்த ரப்பர் எம்மாத்திரம்? ஒவ்வொரு வாரமும் ஒரு சொட்டு உள்ள போயிருக்கும். வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள அழுகிட்டு இருக்கும்."

"இது எப்ப நடந்திருக்கும்?"

அவள் சின்ன ஊசியால் பச்சையைச் சுரண்டினாள். பொடி உதிரவில்லை, செதிலாகப் பெயர்ந்தது. "இது நேத்து வந்தது இல்ல. குறைஞ்சது ரெண்டு வருஷம். இப்படிப் பிடிச்சா ஒரு தடவை நின்னுட்டு மாசக்கணக்கா சும்மாவும் இருக்கும். இதுக்கு முன்னாடி எப்பவாவது நின்னுதா?"

தொட்டிக்காரர் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். மென்று முழுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இறக்கம், மதில், முழங்கால், கொட்டாவி. கரன்ட்டக்கா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"பிரேக் கல்லு மாதிரி ஆச்சுன்னு சொன்னாரா?"

"ஆமா."

"ஸ்டியரிங் திரும்பலன்னும் சொன்னாரா?"

"ஆமாம்மா."

"என்ஜின் நின்னாத்தான் அண்ணே பிரேக் கல்லாகும். தூங்கினவருக்கு அது எப்படித் தெரியும்?"

பதினாலு மாதம். இன்சூரன்ஸ்காரர், பட்டறைக்காரர், லைசென்ஸ் அலுவலகம், சொந்தபந்தம், அக்கா, மாமா. இவ்வளவு பேரில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி.

*

புதுப் பெட்டி வர நாலு நாள் ஆகும் என்றாள் கரன்ட்டக்கா. அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

மனைவி கட்டிலில் துணிகளைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது.

"வண்டிக்கு என்னவாம்?"

"என்ஜின் பெட்டி ஒண்ணு போச்சாம். மாத்தணும்."

"ஓடிட்டு இருக்கும்போதே நிக்குதா?"

"ம்."

"தானாவா?"

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற வேலையில் மும்முரமாக இருந்தார். அவள் மடித்த துண்டைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள். அவள் முட்டாளில்லை. அந்த வீட்டில் முட்டாளாக இருக்க அவளுக்கு நேரம் கிடைத்ததும் இல்லை.

"அவன் ரெண்டு நாள் கையெழுத்துப் போடலைங்க" என்றாள். "நான்தான் கையைப் பிடிச்சுப் போடவச்சேன்."

"நீ என்ன பண்ணுவ. எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம்."

"எல்லாரும் நினைக்கட்டும். நான் அவனைத் தூக்கி வளர்த்தவ." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பார். "வண்டி கைக்கு வந்ததும் நேரா அவன்கிட்டப் போங்க. போயிச் சொல்லுங்க. நான் வரல. எனக்கு அவன் முன்னாடி நிக்க முகம் இல்ல."

பெட்டி எதனால் போயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அந்த நாலு நாளும் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சனிக்கிழமை குறுக்கே வந்தது. மத்தியானம் கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தார்.

*

புதுப் பெட்டி வந்ததும் கரன்ட்டக்கா ஆள் அனுப்பினாள்.

மாட்டினால் ஓடிவிடும் என்று அவர் நினைத்தார். அப்படியில்லை. பழைய பெட்டியைப் பிரித்து மேசைமேல் வைத்து, மெல்லிய வயர்களை அதன் சில்லில் தொட்டுப் பிடித்து, லேப்டாப்பில் ஏதோ நிரம்பிக்கொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "புதுசுக்கு உங்க சாவி யாருன்னே தெரியாது. திருட்டு வண்டின்னு நினைச்சு கிளம்பமாட்டேன்னுடும். பழசோட ஞாபகத்தை எல்லாம் எடுத்துப் புதுசுல போடணும்" என்றாள். இருபது நிமிஷம் ஆனது. பிறகு வயர்க்கொத்தின் பச்சை ஊசிகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டுப் புது ஊசி வைத்தாள். புது ரப்பர் போட்டாள். பெட்டியைத் திருகி, நெம்புபிடியை அழுத்தி, பாட்டரி வயரை மாட்டினாள்.

"போடுங்க சாவியை."

முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தது. பெட்டியின்மேல் சூட்டுக்காற்றைப் பிடித்துப் பத்து நிமிஷம் காட்டினாள். என்ஜின் அசைந்து கொடுக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவளே கேட்டாள். "உங்க மச்சினனுக்கு ஒரு பேப்பர் எழுதித் தரட்டுமா? லைசென்ஸ் ஆபீஸ்ல குடுத்தா பேர்ல இருக்கிற கறுப்பை எடுத்துடுவாங்க. என் சீல் போட்டா மதிப்பாங்க."

"குடும்மா. அதுக்குத்தான் நானே கேக்கலாம்னு இருந்தேன்."

அவள் எழுதினாள். கையெழுத்து அவளுடைய பேச்சுக்கு நேர் எதிர், அச்சில் வார்த்தது போலிருந்தது. அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். "வண்டி உரிமையாளர் நீண்ட காலமாக உயர் அழுத்தப் பம்பால் என்ஜின் பகுதியில் நீர் அடித்து வந்ததால்" என்ற இடத்துக்கு வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா. தண்ணி பூந்து கெட்டுதுன்னு இருந்தாப் போதாதா? யாரு, எப்படின்னு எல்லாம் எதுக்கு? இன்சூரன்ஸ்காரன் கண்ணுல பட்டா பழசைக் கிளறுவான். அவனுக்கு வேண்டியது வண்டி தானா நின்னுதுங்கிறதுதானே. அது இருந்தாப் போதும்."

சொல்லச் சொல்ல அவருக்கே அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பூசி மெழுகுகிறவர்களுக்கு எப்போதும் அப்படித்தான் படும். கரன்ட்டக்கா பேனாவை மூடாமல் அவரைப் பார்த்தாள். அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று எடுத்தாள். "நீர்க்கசிவு காரணமாக" என்று எழுதி சீல் குத்தினாள்.

"எழுதிட்டேன். ஆனா யாராவது வந்து என்னை நேர்ல கேட்டா நான் பம்பைப் பத்திச் சொல்லுவேன். அதையும் கேட்டுக்கங்க."

"யாரு வந்து கேக்கப் போறா" என்றார் அவர்.

*

வணிக வளாகத்தின் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருந்தது. வண்டியை உள்ளே கொண்டுபோய் ஒரு தூண் பக்கத்தில் நிறுத்தினார். வெளிவாசல் சரிவுக்குக் கீழே, கண்ணாடிக் கூண்டுக்கு வெளியில் ஒரு நாற்காலி போட்டு மச்சினன் உட்கார்ந்திருந்தான். வலது காலை நீட்டி, சின்ன முக்காலிமேல் வைத்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு மாப்ள, உக்காரு."

"வாங்க மாமா. அக்கா நல்லா இருக்கா?"

"இருக்கா. பிள்ளை?"

"பள்ளிக்கூடம் போறான்."

அதோடு பேச்சு தீர்ந்துவிட்டது. ஆறு வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். தொட்டிக்காரர் நின்றபடியே, வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னார். வண்டி இப்போது தன் கையிலும் நின்றுபோனதை, பெட்டியை மாற்றியதை, அன்றைக்கு அவன் தூங்கவில்லை என்பதை. "நீ சொன்னது நூத்துக்கு நூறு உண்மைடா. நான்தான் நம்பல. தப்பு என்னுது" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. தாளை நீட்டினார்.

மச்சினன் அதை வாங்கி மெதுவாகப் படித்தான். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வந்த காரியம் முடிந்தது என்றே தொட்டிக்காரர் நினைத்துவிட்டார்.

"ஒரு வருஷம் மாத்திரை சாப்பிட்டேன் மாமா" என்றான் அவன். "தூக்க டாக்டர்கிட்டப் போயி. எந்த நிமிஷம் தூங்கினேன், எந்த நிமிஷம் தூங்கினேன்னு யோசிச்சு யோசிச்சு, கடைசில நிஜமாவே தூங்கிட்டேன் போலன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். பிள்ளையை ஸ்கூட்டர்ல ஏத்தக்கூட பயம்."

"இனிமே அதெல்லாம் வேண்டாம்டா. இந்தப் பேப்பரைக் குடு, பேரு சுத்தமாயிடும். வேலைக்கும் வா. வண்டி உனக்காகத்தான் நிக்குது."

"தண்ணி எப்படி மாமா பூந்துது?"

சாதாரணமாகத்தான் கேட்டான். தொட்டிக்காரர் சரிவுக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

"மழையா இருக்கும். வண்டி நனையாமலா இருந்திருக்கும்?"

மச்சினன் தாளை அது வந்த மடிப்பிலேயே மடித்தான்.

"நான் மோதினதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமும் மழையே இல்ல மாமா. தொட்டியெல்லாம் காஞ்சு கெடந்ததாலதானே நமக்கு அவ்வளவு வேலை. லாரித் தண்ணி வர்றதுக்கு முன்னாடி கழுவணும்னு ஒரு நாளைக்கு அஞ்சு தொட்டி இறங்கினீங்க. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்துச் சம்பாத்தியத்தில்தான் வீட்டுக்கு மேல்மாடி எழும்பியது. தொட்டிக்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் உள்ளிருந்து ஒரு பம்பு, ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு வாக்கியம் வெளியே வந்திருக்கலாம். வரவில்லை.

"அது சரி" என்றார். "எப்படியோ பூந்திருக்கு. இப்ப வண்டி நல்லா ஓடுது."

மச்சினன் தாளை அவர் கையில் திரும்ப வைத்தான். கோபமே இல்லாமல், அடுத்தவர் சாமானைக் கொடுப்பது போலக் கொடுத்தான்.

"நான் தூங்கிட்டேன்னே இருக்கட்டும் மாமா. அன்னைக்கு நான் சொன்ன பொய் அக்காவுக்காக. நீங்க இப்ப சொல்றது யாருக்காக?"

ஒரு கார் சரிவுக்கு வந்து நின்றது. அவன் காலை முக்காலியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்துக் கீழே வைத்து, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, மூன்று எட்டு நொண்டிப்போய்க் கம்பியைத் தூக்கினான். கார் போயிற்று. அவன் திரும்பி வந்து உட்காரவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல அதைவிட மரியாதையான வழி இல்லை.

தொட்டிக்காரர் தூண் பக்கம் நடந்தார். வண்டியில் ஏறினார். சாவியைத் திருகியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. அது நின்று தொலைத்தால் தேவலை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தார். அது நிற்கவில்லை. வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி போய் வெளிவாசலில் நின்றது. பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வந்து சேர்ந்துகொண்டன.

மச்சினன் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்காமல் நின்றான். அவர் கண்ணாடியை இறக்கினார். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தெரிந்தது.

"மாப்ள. நான்தான்டா பம்பால அடிச்சுக் கெடுத்தேன்."

"தெரியும் மாமா" என்றான் அவன். "வண்டியை எடுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."